கடித்தது பாம்பு, கெடுத்தது கயிறு

பத்து வயதுப் பையனின் வலது காலில் மூன்று கட்டுகள். கணுக்காலுக்கு மேல் ஒன்று, முழங்காலுக்குக் கீழ் ஒன்று, தொடையில் ஒன்று. பலகாரப் பெட்டி கட்டுகிற சிவப்பு ராஃபியா கயிறு, சதையில் புதையும் அளவுக்கு இறுக்கம். கால் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. கொண்டுவந்த பெரியவர், "டாக்டர், விஷம் ஏறாமல் பார்த்துக்கொண்டோம்" என்றார் பெருமையோடு.

அவசரப் பிரிவில் இந்த ஆண்டு நான் பார்க்கும் மூன்றாவது கயிறு இது. கொஞ்சம் கோபம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் மலேசியாவின் கெடா மாநிலத்தில், கூலிம் பக்கம், செம்பனைக்கும் பால்மரம் என்கிற ரப்பர் மரத்துக்கும் நடுவில் இருக்கிறது. பையன் காட்டோரப் பாடத்துக்குப் போனவன். ஆசிரியர் பிள்ளைகளைச் சருகைக் கிளறி மரவட்டை தேடச் சொல்லியிருக்கிறார். நல்ல பாடம்தான். நாங்கள் பால்மர விதைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து உள்ளங்கையால் குத்தி உடைத்து விளையாடியவர்கள். எங்கள் பிள்ளைகளோ தாமான் என்கிற குடியிருப்புப் பகுதி வீடுகளில் வளர்கிறார்கள். காய் வெடிக்கும் சத்தம் கேட்டால் யார் பட்டாசு கொளுத்துகிறார்கள் என்று கேட்கிறார்கள். அவர்களைக் காட்டுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியருக்கு என் கும்பிடு. ஆனால் பையன் காலில் இருந்தது ஜப்பான் சிலிப்பர். சருகைக் கிளறியது வெறுங்கை.

கடித்தது குழிவிரியன். மலாய்க்காரர்கள் 'ஊலார் காப்பாக் போடோ' என்பார்கள். போடோ என்றால் முட்டாள். ஆள் வந்தாலும் நகராமல் சருகோடு சருகாகக் கிடப்பதால் அந்தப் பெயர். கெடா, பெர்லிஸ், பினாங்கு என வடக்கில்தான் இது அதிகம்; பால்மரத் தோட்டத்திலும் செம்பனைத் தோட்டத்திலும் வசதியாகக் குடியிருக்கும்.

இனி அந்தக் கயிறு. "கட்டினால் விஷம் ஏறாது" என்பதை எந்த வீட்டில் கேட்டாலும் சொல்கிறார்கள். இந்தப் பாம்பின் விஷம் இருக்கிற இடத்திலேயே சதையை அழிக்கும், இரத்தத்தை உறையவிடாமல் கெடுக்கும். அதைக் கயிறு போட்டு ஓரிடத்தில் நிறுத்துவது, திருடனை வீட்டுக்குள் வைத்துக் கதவைப் பூட்டுவது போல. போதாக்குறைக்குக் காலுக்குப் போகும் இரத்தமும் நின்றுவிடுகிறது. கட்டு போட்டு வந்தால் உடனே வெட்டி எறியவும் எங்களால் முடியாது. தேங்கிய விஷம் ஒரே மூச்சில் உடலுக்குள் பாயக்கூடும். ஊசி ஏற்றி, மருந்தைத் தயாராக வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தளர்த்த வேண்டும். அதற்குள் நேரம் போகிறது.

"எங்கள் தாத்தா கட்டித்தானே பிழைத்தார்?" ஐயா, பாம்புகளில் பாதிக்கு மேல் விஷமே இல்லாதவை. விஷப் பாம்பும் சில நேரம் விஷத்தை இறக்காமல் கடித்துவிட்டுப் போகும். தாத்தா எப்படியும் பிழைத்திருப்பார். பெயர் கயிற்றுக்குப் போய்விட்டது. பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, பச்சிலை அரைத்து அப்புவது எல்லாம் இதே கணக்குதான். கைப்பேசியில் வருகிற ஆஸ்திரேலியக் காணொளியைப் பார்த்துக் கால் முழுவதும் துணி சுற்றுவோருக்கும் சொல்கிறேன்: அந்த முறை நரம்பைத் தாக்கும் அந்நாட்டுப் பாம்புகளுக்காக வந்தது. சதையை அழிக்கும் விரியனுக்கு அது வேண்டாம்.

வேறு என்ன செய்வது? பிள்ளையை நடக்க விடாதீர்கள், தூக்குங்கள். கொலுசு, கைக்கடிகாரம், சப்பாத்து எதுவானாலும் வீங்கும் முன் கழற்றுங்கள். ஒரு குச்சியோ மடித்த அட்டையோ வைத்துக் காலை அசையாமல் தாங்குங்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பாம்பைத் துரத்தாதீர்கள்; தூரத்திலிருந்து படம் கிடைத்தால் போதும். 999-ஐ அழையுங்கள், அல்லது நேரே அவசரப் பிரிவுள்ள மருத்துவமனைக்கு வாருங்கள். கிளினிக்கில் விஷமுறிவு மருந்து இருக்காது. நாங்கள் போடுவது பாங்காக்கில் தாய்லாந்துச் செஞ்சிலுவைச் சங்க நிறுவனம் தயாரிப்பது. மூலைக்கு மூலை வைத்திருக்கும் சரக்கு அல்ல. பிள்ளை தெம்பாக இருந்தாலும் 24 மணி நேரம் படுக்க வைத்து, இரத்தம் உறைகிறதா என்று திரும்பத் திரும்பப் பார்ப்போம். "ஒன்றும் இல்லையே, வீட்டுக்குப் போகலாமா" என்று ஒரு மணி நேரத்தில் கேட்காதீர்கள்.

அட்டை கடித்தால் பதற வேண்டாம். நகத்தால் அதன் வாயை நெம்பி எடுத்துவிட்டு அழுத்திப் பிடியுங்கள்; லைட்டரால் சுட்டுப் பிள்ளையின் தோலையும் சுடாதீர்கள். குளவி அப்படியல்ல. கொட்டிய பிறகு உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ காத்திருக்கவே கூடாது.

ஆற்றில் இறங்கினால் மேலே பாருங்கள். தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் மலையில் மழை பெய்தால் 'கெப்பாலா ஆயர்' என்கிற திடீர் ஆற்றுவெள்ளம் வரும். 2021 ஆகஸ்டில் கெடாவின் குனோங் ஜெராய் மலை அடிவாரத்தில் அப்படித்தான் உயிர்கள் போயின. தண்ணீர் திடீரென்று கலங்கி, இலையும் குச்சியும் மிதந்து வந்தால் பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருக்காமல் முதலில் மேட்டில் ஏற்றுங்கள். ஆற்றில் விளையாடிய பிள்ளைக்கு இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், "ஆற்றுக்குப் போனான்" என்ற ஒரு வார்த்தையை டாக்டரிடம் தயவுசெய்து சொல்லுங்கள். எலிக்காய்ச்சலை நாங்கள் நினைத்துப் பார்ப்பதே அந்த ஒரு வார்த்தையால்தான். திட்டு விழும் என்று பிள்ளைகள் மறைக்கிறார்கள். அம்மாக்களும் சேர்ந்து மறைக்கிறார்கள்.

பையன் எட்டாம் நாள் வீட்டுக்குப் போனான், கால் விரல்கள் எல்லாம் இருக்கின்றன. அதற்குள் பள்ளியில் இனி வெளிப்புறப் பாடமே வேண்டாம் என்று பேச்சு வந்துவிட்டதாம். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரே, நிறுத்தாதீர்கள். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள், சருகைக் கிளற ஒரு நீளக் குச்சி கொடுங்கள். போகும் இடத்தில் கைப்பேசிக் கோடு கிடைக்கிறதா என்று முதல் நாளே ஒருவர் போய்ப் பார்த்து வரட்டும், ஒரு கார் அங்கேயே நிற்கட்டும். பெற்றோர் கையெழுத்திடும் அனுமதிக் கடிதத்தில் பஸ் கட்டணமும் நாசி லெமாக்கும் இருக்கின்றன. பிள்ளைக்கு என்ன ஒவ்வாமை என்று கேட்கிற வரி மட்டும் இல்லை. அந்த வரியைச் சேர்த்து அச்சடித்துக் கொடுங்கள்.