கடையில் நிற்பது ‘இயந்திர மனிதன்’ இல்லை

“அடுத்த ரோபாட்டில் இடப்பக்கம் திரும்பு” என்றால் டர்பனில் வளர்ந்த பிள்ளைக்கு விளக்கம் தேவையில்லை. சந்தியில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மாறி எரியும் விளக்குக்குத் தென்னாப்பிரிக்காவில் வழங்கும் பெயர் ரோபாட். ஆங்கிலம் பேசுபவரும் ஆப்பிரிக்கான்ஸ் பேசுபவரும் அப்படித்தான் சொல்கிறார்கள். மின்வெட்டு நாளில் நம் வீட்டு ஆயாவும் “ரோபாட் எரியல, பாத்து ஓட்டு” என்கிறார்கள். இந்த வாக்கியத்தைத் தமிழ் வகுப்பில் கொடுத்தால், “அடுத்த இயந்திர மனிதனிடம் இடப்பக்கம் திரும்பு” என்று எழுதி வருகிறார்கள். கைபேசியில் தட்டினால் வருவது அதுதான், பிள்ளைகள்மேல் குற்றமில்லை.

குற்றம் பெரியவர்கள்மேல். சென்ற தீபாவளிக்கு ஒரு பெரிய கடைக்காரர்கள் தமிழிலும் ஒரு துண்டறிக்கை அச்சிட்டார்கள். நல்ல எண்ணம், பாராட்ட வேண்டும். அதில் இருந்தது இது: “எங்கள் இயந்திர மனிதர் உங்களை வரவேற்பார். அவருடைய செயலியைத் தரவிறக்கம் செய்யுங்கள்.” தமிழ்நாட்டுச் செய்திகளிலும் பாடநூல்களிலும் இந்த ‘இயந்திர மனிதன்’ பல காலமாக உலவுகிறான். இப்போது கடைக்குள்ளும் வந்துவிட்டான். இனியும் பேசாமல் இருந்தால் அதுவே நிலைத்துவிடும்.

‘ரோபாட்’ என்ற சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செக் மொழியில் ‘ரொபோத்தா’ என்றால் நிலக்கிழாருக்குக் குடியானவர் கூலியில்லாமல் செய்தே தீர வேண்டிய கட்டாய உழைப்பு. சோழர் கல்வெட்டுகளில் வரும் ‘வெட்டி’ அதற்கு மிக நெருங்கிய தமிழ்ச் சொல். இன்று அது ‘வெட்டிப் பேச்சு’ என்னும் அளவுக்குத் தேய்ந்துவிட்டது. காரெல் சாப்பெக் 1920-இல் வெளியிட்ட ‘ஆர்.யு.ஆர்.’ நாடகத்தில், உழைப்பதற்கென்றே ஆலையில் செய்யப்பட்ட உயிர்களுக்கு ‘ரோபாட்’ என்று பெயர் வைத்தார். பெயரைச் சொல்லிக் கொடுத்தவர் அவருடைய அண்ணன், ஓவியர் ஜோசப் சாப்பெக். நாடகத்தில் வருபவை இரும்பால் ஆனவையும் அல்ல. சதை போன்ற ஒரு பொருளால் ஆனவை. பிறகு இங்கிலாந்தில் சந்தியில் கைகாட்டிய காவலர் இடத்துக்குத் தானாக மாறும் விளக்கு வந்தபோது, அதை ‘ரோபாட் காவலர்’ என்றார்கள். அங்கே அந்த வழக்கு மறைந்தது, இங்கே வேரூன்றியது. அவ்வளவுதான் வரலாறு.

ஆக, மூலச்சொல்லில் மனிதன் இல்லை. உழைப்பு இருக்கிறது, கட்டாயம் இருக்கிறது. தமிழாக்கியவர்கள் உழைப்பை விட்டுவிட்டு, சினிமாவில் பார்த்த இரண்டு கை, இரண்டு கால், ஒரு தலையைப் பிடித்துக்கொண்டார்கள். உருவத்தைப் பார்த்துப் பெயர் வைத்தால் உருவம் மாறியதும் பெயர் பொய்யாகிவிடும். கடைகளில் நடந்திருப்பது அதுதான். ஜப்பானில் சாஃப்ட்பேங்க் நிறுவனம் 2014-இல் அறிமுகப்படுத்திய பெப்பர் என்ற ரோபாட்தான் இவ்வகையில் பெயர்பெற்றது. அதே ஆண்டு டிசம்பரில் நெஸ்லே ஜப்பான் அதைக் கடைகளில் நிறுத்திக் காப்பிப் பொறி விற்றது. 120 செ.மீ. உயரம், முகம் உண்டு, கை உண்டு, கால் கிடையாது, சக்கரம்தான். சரி, பாதி மனித உருவம் என்று விட்டுவிடலாம். அமெரிக்காவில் ஸ்டாப் அண்ட் ஷாப் கடைகளில் 2019-இல் உலவத் தொடங்கிய மார்ட்டி, சக்கரம் வைத்த சாம்பல் நிறத் தூண். தரையில் எதுவும் கொட்டிக் கிடக்கிறதா என்று பார்ப்பது அதன் வேலை. பயப்படாமல் இருக்கட்டும் என்று இரண்டு பொம்மைக் கண்களை ஒட்டிவைத்தார்கள். வால்மார்ட் 2020-இல் கைவிட்ட அலமாரிக் கணக்கெடுப்புப் பொறிக்கு அந்தக் கண்கூடக் கிடையாது. அமேசான் 2012-இல் வாங்கிய கீவா நிறுவனத்தின் பொறிகள், கிடங்கில் அலமாரியை அடியிலிருந்து தூக்கிக்கொண்டு ஆமை போல நகர்பவை. இவற்றில் எது மனிதன்?

இதைவிடப் பெரிய தடை இலக்கணத்தில் இருக்கிறது. “உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே, அஃறிணை என்மனார் அவரல பிறவே” என்று தொல்காப்பியர் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறார். ஆங்கிலத்துக்கு இந்தத் தொல்லை இல்லை, வினைமுற்று மாறாது. தமிழில் பெயரைத் தொட்டால் வினை அசையும். ‘மனிதன்’ என்று எழுதியதும் ‘வரவேற்பார்’ வந்து ஒட்டிக்கொள்கிறது, அதன் பின்னால் ‘அவருடைய’ வருகிறது. துண்டறிக்கை எழுதியவர் வேண்டுமென்று தவறு செய்யவில்லை, முதல் சொல் அவரை இழுத்துக்கொண்டு போயிற்று.

நம் ஊரில் இதைக் கேட்கும்போது எனக்கு இன்னொன்றும் உறுத்துகிறது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் துறைக்கு வந்தது. அன்று முதல் 1911 வரை ஏறக்குறைய 1,52,000 பேரை ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டாலுக்குக் கொண்டுவந்தார்கள். பெரும்பகுதியினர் சென்னையில் கப்பலேறியவர்கள். ஆளுக்கு ஓர் எண். ‘கூலி’ என்ற நம் சொல்லே இங்கே வசைச்சொல்லாயிற்று. மனிதரைக் கருவியாக எண்ணிப் பதிந்த பேரேடுகளில் நம் பாட்டன் பெயர்கள் இருக்கின்றன. அந்த மண்ணில் கருவிக்கு ‘மனிதன்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

‘எந்திரன்’ பரவாயில்லையா என்று கேட்கிறார்கள். 2010-இல் வந்த படத்துக்குப் பின் அது எல்லோர் வாயிலும் இருக்கிறது. சுருக்கம், ஓசை எல்லாம் நன்று. ‘எந்திரம்’ வடசொல், வேண்டாம் என்று சிலர் தள்ளுகிறார்கள். அந்தக் காரணத்தை நான் ஏற்கவில்லை. ஐங்குறுநூற்றிலேயே “கரும்பின் எந்திரம் களிற்றெதிர் பிளிற்றும்” என்று கரும்பு பிழியும் எந்திரம் யானைக்கு எதிராகப் பிளிறுகிறது. நேட்டாலின் மவுண்ட் எட்ஜ்கூம்பிலும் டொங்காட்டிலும் கரும்பு வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் அந்தச் சொல்லை அந்நியம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. எனக்கு ஒத்துவராதது கடைசியில் இருக்கும் ‘அன்’. ஆண்பால் விகுதி போட்டதும் மறுபடி ‘வந்தான், போனான்’ தொடங்கிவிடும்.

‘தானியங்கி’ என்பது அடுத்தது. தானியங்கிக் கதவு இருக்கிறது, வங்கி வாசலில் பணம் தரும் தானியங்கி இருக்கிறது. சந்தி விளக்கும் தானே இயங்குவதுதான். எல்லாவற்றுக்கும் பொருந்தும் பெயர் ஒன்றையும் பிரித்துக் காட்டாது.

நம் மொழியில் இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது: பொறி. மதுரைக் கோட்டை மதிலில் இருந்த கருவிகளைச் சிலப்பதிகாரம் சொல்லும்போது “வளைவிற் பொறியும் கருவிரல் ஊகமும்” என்கிறது. முதலாவது, தானே வளைந்து அம்பு எய்யும் எந்திர வில். இரண்டாவது, கரிய விரல்களுடைய குரங்கின் வடிவில் செய்து, அருகில் வருபவரைக் கடிக்கவிட்ட பொறி என்று உரை விளக்குகிறது. சீவக சிந்தாமணியில் விசயை ஏறிப் பறப்பது மயிற்பொறி. உயிர் வடிவில் ஒரு கருவி செய்தால் என்ன பெயரிடுவது என்ற கேள்விக்கு இதைவிட நல்ல விடை வேண்டுமா? மயில் வடிவம் முன்னே நிற்கிறது, பொறி பின்னே நின்று திணையைக் காக்கிறது.

பொறியோடு எதைச் சேர்ப்பது? ‘ஏவற்பொறி’ முதலில் நினைவுக்கு வந்தது. ஏவினால் செய்வது, நிரல் எழுதுவதும் ஏவுவதுதான். ஆனால் நம் பெரியவர்களிடம் ‘ஏவல்’ என்றால் பில்லி, சூனியத்தோடு சேர்ந்த ஏவல். கடை வாசலில் அந்தச் சொல் ஆகாது. ‘பணிப்பொறி’ பொருந்துகிறது. பணி என்றால் வேலை; பணிதல் என்றால் கீழ்ப்படிதல். செக் சொல்லில் இருந்த உழைப்பும் கட்டாயமும் ஒரே வேரில் கிடைக்கின்றன. வரவேற்கும் பணிப்பொறி, கணக்கெடுக்கும் பணிப்பொறி, கிடங்குப் பணிப்பொறி என்று வேலையைச் சொல்லி நீட்டவும் வசதி. சந்தியில் எரிவதை ரோபாட் என்றே விட்டுவிடுவோம். அது நம் ஊர்ச் சொல், யாரையும் குழப்பவில்லை.

துண்டறிக்கையின் ‘செயலி’யைப் பற்றியும் சொல்ல வேண்டும். கணினித் தமிழில் நுண்செயலி என்றால் சில்லு. திறன்பேசி வந்தபின் கைபேசியில் இறக்கிக்கொள்ளும் மென்பொருளுக்கும் செயலி என்றார்கள். வழக்கு இரண்டாவதற்கே சாய்ந்துவிட்டது, அதை மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். ஆனால் பணிப்பொறியைப் பற்றி எழுதும்போது இரண்டும் ஒரே வரியில் மோதும். பெப்பரின் மார்பில் ஒரு தட்டைக்கணினி. அதன் பிற்காலப் பதிப்பு ஒன்றுக்கு ஆண்ட்ராய்டு செயலி எழுதுபவர்களே நிரல் எழுதினார்கள். நாம் பேசுவது ஒலிவாங்கி வழியாகப் போய் எழுத்தாகிறது. நிரலில் முன்பே எழுதிவைத்த கேள்விகளோடு ஒப்பிடப்படுகிறது. பொருந்தினால் அதற்குரிய பதிலைச் சொல்லிக் கையை அசைக்கும், பொருந்தாவிட்டால் திரும்பச் சொல்லச் சொல்லும். இங்கே ‘பொறியின் செயலி பழுது’ என்று எழுதினால் சில்லு போயிற்றா, மென்பொருளில் பிழையா? சில்லைச் சொல்லும்போது நுண்செயலி என்று முழுச் சொல்லையும் எழுதுங்கள், தீர்ந்தது. துண்டறிக்கையில் இருந்ததோ கடையின் செயலி. ‘அவருடைய’ என்ற ஒரு சொல்லால் அது பொறிக்குச் சொந்தமாகிவிட்டது.

மொழிபெயர்ப்பாளர்களிடம் என் வருத்தம் இதுதான்: அகராதியில் முதலில் கிடைத்ததை எடுத்து ஒட்டிவிட்டு, வாக்கியத்தைத் தமிழ்க் காதால் ஒருமுறை கேட்டுப் பார்ப்பதில்லை. இங்குள்ள செக்கர்ஸ் கடைகள் வீட்டுக்குப் பொருள் அனுப்ப 2019-இல் தொடங்கிய சிக்ஸ்டி-60 செயலியில் தட்டினால், மழையில் நனைந்து மோட்டார் சைக்கிளில் பாலும் ரொட்டியும் கொண்டுவருபவர் மனிதர். ‘அவர்’ என்ற மரியாதை அவருக்கு உரியது. கடைக்குள் பில் போடும் பெண்ணுக்கும் உரியது.

பெயர் வைத்த பொறியை எப்படிச் சொல்வது என்பது கடைசிக் கேள்வி. ஜோகன்னஸ்பர்க்கின் சாண்டனில் 2021-இல் ஒரு விடுதி மூன்று பணிப்பொறிகளை வேலைக்கு வைத்து லெக்ஸி, மைக்கா, ஏரியல் என்று பெயரிட்டது. பெயர் வந்தால் திணை மாறாது. வீட்டு நாய்க்கு மணி என்று பெயர், “மணி வந்தது” என்கிறோம்; யாரும் முகம் சுளிப்பதில்லை. லெக்ஸி பெட்டியைத் தூக்கி வந்தது, மைக்கா வழி காட்டியது, கடைப் பணிப்பொறி வணக்கம் சொல்லியது. அப்படியே எழுதலாம்.