படகில் ஏற்றினீர்கள், சரி. துடுப்பை யாரிடம் கொடுத்தீர்கள்?

போன மாதம் என் பிசியோதெரபி ஓபி-க்கு வந்தவருக்கு இருபத்தாறு வயது. முதுகுத்தண்டில் அடிபட்டவர், டி10 அளவில், அதாவது மார்புப் பகுதி முள்ளெலும்புகளை மேலிருந்து எண்ணினால் பத்தாவது. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. விபத்து நடந்து நாலு வருடம் ஆகிறது, இந்த நாலு வருடத்தில் ஒரு தடவைகூடப் படுக்கைப்புண் வந்ததில்லை, அதில் அவருக்கும் எனக்கும் கொஞ்சம் பெருமையே உண்டு. அன்றைக்கு வீல்சேரில் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி வந்தார். திருப்பிப் படுக்க வைத்துப் பார்த்தால், உட்காரும் எலும்பு அழுத்துகிற இடத்தில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் கருஞ்சிவப்பாகி, நடுவில் உரிந்திருந்தது.

"என்ன தம்பி பண்ணீங்க?"

"ரோயிங் போனேன் மேடம்."

எனக்கு ஒரு நொடி சந்தோஷம்தான் வந்தது, பொய் சொல்லவில்லை. எவ்வளவு நேரம் துடுப்புப் போட்டீர்கள் என்று கேட்டேன்.

"துடுப்பா? அதை நான் தொடவே இல்லை மேடம். அவங்க போட்டாங்க. நான் உட்கார்ந்திருந்தேன்."

எல்லோருக்குமான விளையாட்டு விழா, ஏரிக்கரை, பந்தல், ஒரே நிறத்தில் டி-ஷர்ட். நாலு தன்னார்வலர்கள் அலாக்காகத் தூக்கிப் படகுப் பலகையில் உட்கார வைத்திருக்கிறார்கள். குஷன் வீல்சேரிலேயே கிடந்தது. ஏரியில் இரண்டு சுற்று, அப்புறம் போட்டோ, அப்புறம் விருந்தினர் வரத் தாமதம், வந்ததும் மறுபடி போட்டோ. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் அந்த மரப்பலகையில். இறங்கி வந்தால் வீல்சேரின் ரெக்சின் சீட் வெயிலில் கிடந்து கொதித்துக்கொண்டிருந்தது, அதிலேயே தூக்கி வைத்துவிட்டார்கள். தொடைக்குப் பின்னால் லேசான தீக்காயமும் இருந்ததை நான்தான் கண்டுபிடித்துச் சொன்னேன்.

டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினம் வந்தாலே ஒன்றிரண்டு பேர் இப்படி வருவார்கள். இந்த வருடம் மார்ச்சிலும் வந்துவிட்டார்கள், இவர் மூன்றாவது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன், கோபம் எங்கேயாவது தலைகாட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விழாவே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் "பிசியோவே வேண்டாம் என்கிறார்" என்று அடுத்த வருடம் நிறுத்திவிடுவார்கள். என் மற்ற ஆட்களிடம் பூங்காவில் நடைப்பயிற்சி செய் என்று சொல்லலாம், இவர்களிடம் என்ன சொல்வது? வெளியே வந்து மூச்சு வாங்க ஆடுகிற விளையாட்டு என்று நம் ஊரில் இவர்களுக்கு எத்தனை இருக்கிறது? ரோயிங் அப்படி ஒன்று. அதுவும் வீல்சேர்க்காரர்களுக்குப் பொருத்தமான ஒன்று. நாள் முழுக்கச் சக்கரத்தை முன்னால் தள்ளித் தள்ளி அவர்களுக்கு நெஞ்சுத் தசை இறுகி, தோள் முன்னால் வளைந்து கிடக்கும். துடுப்பு என்பது இழுப்பது. தோள்பட்டைக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருக்கிற தசைகள் எல்லாம் வேலைக்கு வரும்.

ஆனால் துடுப்பைக் கையில் கொடுத்தால்தானே?

விழா நடத்துகிறவர்களிடம் பேசும்போதெல்லாம் வருகிற பதில் இதுதான்: "பாவம் மேடம், எதுக்கு அவங்களைச் சிரமப்படுத்தணும், சும்மா உட்கார்ந்து ஜாலியா ஒரு ரவுண்டு வரட்டும்." சும்மா உட்காருவது பாதுகாப்பு, துடுப்புப் போடுவது ஆபத்து என்று ஒரு நம்பிக்கை. இதை எத்தனை தடவை எத்தனை பேரிடம் மறுத்துச் சொன்னாலும் அடுத்த விழாவில் முளைத்து நிற்கிறது.

நீங்கள் சென்னையிலிருந்து மதுரைக்குப் பஸ்ஸில் போகிறீர்கள். தாம்பரம் தாண்டுவதற்குள் எத்தனை தடவை நெளிகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். காலை மாற்றுவீர்கள், ஒரு பக்கம் சாய்வீர்கள், பர்ஸை எடுத்து முன் பாக்கெட்டில் வைப்பீர்கள். யாரும் சொல்லிச் செய்வதில்லை, பின்புறம் வலிக்கிறது, மூளைக்குத் தகவல் போகிறது, நீங்கள் நகர்கிறீர்கள், அவ்வளவுதான். இவருக்கு அந்தத் தகவல் போகிற கம்பி அறுந்திருக்கிறது. தோலுக்கும் எலும்புக்கும் நடுவில் ரத்தம் நின்றுபோனாலும் அவருக்குத் தெரியாது. அதனால்தான் அரை மணிக்கு ஒரு தடவையாவது கையை ஊன்றித் தன்னைத் தூக்கிக்கொள்ளவோ, முன்னால் குனிந்து ஒன்றிரண்டு நிமிடம் இருக்கவோ பழக்கியிருக்கிறோம். வீட்டில் அலாரம் வைத்துச் செய்கிற ஆள் அவர். அன்றைக்கு நான்கு பேர் பிடித்துக்கொண்டிருக்க, "ஆடாதீங்க, படகு கவிழ்ந்துடும்" என்று சொல்லிவைத்திருக்க, எங்கே தூக்கிக்கொள்வது? ஆடாமல் இருந்ததால்தான் புண் வந்தது. "நான் படுக்கவே இல்லையே மேடம், எப்படிப் படுக்கைப்புண்?" என்று அவரே சிரித்தார். பெயர்தான் அப்படி, உட்கார்ந்தாலும் வரும், உட்கார்ந்தால் இன்னும் சீக்கிரம் வரும்.

துடுப்புப் போட்டிருந்தால் புண்ணே வந்திருக்காது என்றும் சொல்ல மாட்டேன். உடல் முன்னும் பின்னும் போகும்போது தோல் உரசும், அதற்கும் குஷன் வேண்டும், ஓய்வையும் சேர்த்து இருபது நிமிடத்துக்கு மேல் முதல் நாளில் படகில் வேண்டாம். ஆனால் துடுப்புப் போட வைப்பதாக இருந்தால் இதையெல்லாம் யோசித்திருப்பார்கள். அவரது உட்காரும் நிலை என்ன, முதுகுக்குச் சாய்வு வேண்டுமா, எவ்வளவு நேரம் என்று யாராவது கேட்டிருப்பார்கள். பார்சலிடம் யார் கேள்வி கேட்பார்கள்?

இன்னொரு கூட்டம் நேர் எதிர். "கை நல்லா பலமா இருக்கே, ஒரு கை பாருங்க!" என்று எடுத்த எடுப்பில் அரை மணி நேரம் இழுக்க விடுவது. ரோயிங் கை விளையாட்டு என்று நினைப்பதால் வருகிற வினை. வழக்கமான ரோயிங் படகில் சீட் சக்கரத்தில் ஓடும், விசையில் பெரும்பங்கு காலிலிருந்துதான் வருகிறது. கால் வேலை செய்யாதவர் அதே துடுப்பை வெறும் தோளால் இழுக்கிறார். அந்தத் தோள்தான் அவருக்குக் காலும்கூட, கட்டிலிலிருந்து வண்டிக்கு, வண்டியிலிருந்து கழிவறைக்கு அதை ஊன்றித்தான் போகவேண்டும். தோள் போனால் வீட்டில் அடைந்துவிடுவார். முதல் நாளில் ஐந்து நிமிடம் இழுத்து, ஓய்வு, இன்னொரு ஐந்து நிமிடம். போதும்.

பாராலிம்பிக்கில் 2008 பெய்ஜிங் முதல் ரோயிங் இருக்கிறது. உடலின் எந்தப் பகுதி வேலை செய்கிறதோ அதற்குத் தகுந்தபடி மூன்று வகை. தோளும் கையும் மட்டும் என்றால் பிஆர்1, இடுப்புக்கு மேலே உடலையும் வளைக்க முடிந்தால் பிஆர்2, காலையும் ஓரளவு பயன்படுத்த முடிந்தால் பிஆர்3. முதல் இரண்டு வகையிலும் சீட் நகராது. பிஆர்1 ஒற்றையர் படகு குறைந்தது 24 கிலோ, ஒலிம்பிக்கில் போகிற ஒற்றையர் படகு 14 கிலோதான். கொஞ்சம் அகலம், கனம், இரண்டு பக்கமும் கவிழாமல் தாங்க மிதவைகள், மார்பைச் சுற்றி ஒரு பட்டை. எல்லாம் எப்போதோ யோசித்து முடித்த விஷயம், நாம் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். இந்தியாவிலிருந்து நாராயணா கொங்கனபள்ளி, அனிதா ஜோடி ஹாங்சோ ஆசியப் பாரா விளையாட்டில் வெள்ளி வாங்கி, 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் பிஆர்3 கலப்பு இரட்டையரில் எட்டாவதாக வந்தார்கள். நாராயணா ராணுவத்தில் இருந்தபோது கண்ணிவெடியில் காலை இழந்தவர், அனிதா சாலை விபத்தில். சென்னையில் அடையாற்றங்கரையில் இருக்கிற படகுக் கழகம் 1867-ல் தொடங்கியது. ஆக, ரோயிங் நமக்குப் புதிது என்றும் சொல்ல முடியாது.

விழா நடத்துகிறவர்கள் கொஞ்சம் கவனியுங்கள், ப்ளீஸ்.

தண்ணீருக்குப் போகுமுன் தரையில் ரோயிங் மிஷின். ஜிம்மில் இருக்கிற அதே மிஷின்தான், சீட்டை நகராமல் பூட்டி, சாய்மானம் ஒன்று கட்டினால் போதும். இழுப்பைக் கனமாக்கவும் லேசாக்கவும் பக்கவாட்டில் ஒன்று முதல் பத்து வரை ஒரு லீவர் இருக்கும், தன்னார்வத் தம்பிகள் ஓடிப்போய் பத்தில் வைப்பார்கள், வீரம். மூன்றில் வையுங்கள். நிறைய பேருக்கு முதல் வருடம் மிஷினோடு நின்றாலே போதும், அதில் குறை ஒன்றும் இல்லை.

லைஃப் ஜாக்கெட்டை ஏரியில் சோதிக்காதீர்கள். முந்தின வாரம் நீச்சல் குளத்தில் போட்டுப் பாருங்கள். செயலிழந்த கால் சிலருக்கு மேலே மிதந்து வந்து தலையைப் பின்னுக்குத் தள்ளும், சிலருக்கு முகம் குப்புறப் போகும். ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் "எல்லாருக்கும் எக்ஸ்எல் வாங்கிட்டோம்" என்பது பதில் ஆகாது. பட்டை எதுவானாலும் வெல்க்ரோ, ஒரு கையால் ஒரே இழுப்பில் கழல வேண்டும். கயிற்றால் கட்டி முடிச்சுப் போட்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மனிதரைப் படகோடு சேர்த்துக் கட்டுவதற்குப் பெயர் பாதுகாப்பா? காலிபர் (காலைத் தாங்கும் சட்டம்) போட்டவர்கள் அதைக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும், தண்ணீரில் அது இரும்புக் குண்டு.

தூக்குவதானால் அவரைக் கேட்டுவிட்டுத் தூக்குங்கள். எங்கே பிடிக்க வேண்டும் என்று உங்களைவிட அவருக்குத் தெரியும். "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொல்வது அவராக இருக்கட்டும். குஷன் அவரோடு படகுக்குப் போக வேண்டும், வீல்சேர் நிழலுக்குப் போக வேண்டும்.

சிறுநீர்ப் பையைக் காலி செய்துவிட்டு ஏறச் சொல்லுங்கள், சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா என்று ஒருவர் பார்க்கட்டும். கூச்சப்படாதீர்கள், இதுதான் உயிர் விஷயம். டி6-லோ அதற்கு மேலேயோ அடிபட்டவர்களுக்குக் குழாய் அடைத்தாலோ பட்டை இறுக்கினாலோ ரத்த அழுத்தம் சட்டென்று எகிறும். தலை பிளக்கிற மாதிரி வலி, முகம் சிவந்து வியர்வை, அடிபட்ட இடத்துக்குக் கீழே மயிர்க்கூச்செறிவு. உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான எல்லாவற்றையும் தளர்த்தி, குழாயைப் பார்த்துவிட்டு, சரியாகாவிட்டால் 108. வெயிலில் மயங்குகிறார் என்று படுக்க வைத்துவிடாதீர்கள். (பந்தயத்தில் வேகம் கூட்ட இதை வேண்டுமென்றே வரவழைத்துக்கொண்ட வீரர்கள் உண்டு, பாராலிம்பிக்கில் அதற்குத் தடை இருக்கிறது. அந்த அளவுக்கு வீரியம்.) இவர்களுக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே சரியாக வியர்க்காது என்பதால் பத்து மணி வெயிலே அதிகம். காலை ஆறரைக்கு வையுங்கள், விருந்தினர் எழுந்து வரட்டும்.

வலிப்பு வருகிறவர் என்றால் பக்கத்தில் ஒருவர் அவருக்காகவே இருக்க வேண்டும், அவருடைய டாக்டரிடம் கேட்ட பிறகு. திறந்த புண் இருந்தால் ஏரித் தண்ணீர் வேண்டாம், எலிக்காய்ச்சலை நாமே அழைப்பானேன். காது கேட்காதவர்கள் கருவியைக் கழற்றிவிட்டு ஏறுவார்கள், அதற்கு முன்பே கைச் சைகைகளைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பார்வையற்றவர்களைத்தான் எல்லோரும் முதலில் ஒதுக்குகிறார்கள், எனக்குச் சிரிப்பு வரும். ரோயிங்கில் துடுப்புப் போடுகிற எல்லோருமே போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருகிறார்கள்! சுக்கான்காரர் (படகின் திசையைத் திருப்புகிறவர்) இருக்கிற படகில் வழி பார்ப்பது அவர் வேலை. கண் தெரியாதவர் இழப்பது இங்கே மிகக் குறைவு, தாளம் பிடிப்பதில் பல சமயம் அவர்கள்தான் முதலில் தேறுகிறார்கள்.

பழவேற்காட்டிலிருந்து வந்த ஒருவர் ஞாபகம் வருகிறது. சர்க்கரையால் முழங்காலுக்குக் கீழே ஒரு கால் போய்விட்டது. முன்பு நின்றுகொண்டு கழி ஊன்றித் தள்ளுவார், அது இனி முடியாது. செயற்கைக் கால் வைத்து நடக்கப் பழக்குவது பற்றியே நான் பேசிக்கொண்டிருந்தேன், அவர் குறுக்கிட்டு, "நடக்கறது இருக்கட்டும்மா, படகுல உட்கார்ந்து துடுப்பு போடணும், முட்டுக் குடுக்க ஒரு கட்டை இருந்தாப் போதும்" என்றார். மீந்த காலும் தொடையும் எங்கே பதிய வேண்டும் என்று தரையில் உட்கார்ந்து காட்டினார். அந்தக் கட்டையின் அளவை அவர்தான் சொன்னார், தச்சரிடம் செய்து கொண்டுபோனார். நான் படித்த எதிலும் அது இல்லை.

2016-ம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 30-வது பிரிவு விளையாட்டில் மாற்றுத்திறனாளிகள் பங்கேற்க வழி செய்யச் சொல்கிறது. பங்கேற்க. வேடிக்கை பார்க்க இல்லை.

அப்புறம், விழா முடிகிற அன்றே அடுத்த தேதியைச் சொல்லிவிடுங்கள். ஒரு நாள் படகு, பிறகு வருடம் முழுக்க ஒன்றும் இல்லை என்றால், சத்தியமாகச் சொல்கிறேன், அழைக்காமலே இருக்கலாம். பத்து பேரைக் கூப்பிட்டு மாதம் இரண்டு காலை வருவதாக ஒரு பயிற்சியாளரைப் பிடித்து வைத்தால், நூறு பேர் விழாவைவிட எனக்கு அது போதும்.

நம்ம ஆளின் புண் ஆறிக்கொண்டு வருகிறது. ஆறு வாரம் குப்புறவும் ஒருக்களித்தும்தான், வேலைக்கும் லீவு, சம்பளமும் போச்சு. போன செவ்வாய் டிரெஸ்ஸிங் மாற்றும்போது குப்புறப் படுத்தபடியே, "மேடம், அந்த மிஷின்ல சீட்டைப் பூட்டறதுக்கு என்ன சைஸ் போல்ட் போடுவாங்க?" என்று கேட்டார். அளந்து சொல்கிறேன் என்றேன். இன்னும் அளக்கவில்லை, நாளைக்கு டேப் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.