கிளஸ்டர்: குழுமமா, திரளா?

சிறுதொழில் அறிவிப்புகளில் 'குழுமம் அமைக்க முன்வருவோர் விண்ணப்பிக்கலாம்' என்ற வகைத் தொடர் வராத மாதமில்லை. ஒரே தொழில் ஒரு வட்டாரத்தில் செறிந்திருப்பதைக் குறிக்கும் கிளஸ்டர் (cluster) என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் குழுமம் என்று முடிவுசெய்து, குறுங்குழுமம், பெருங்குழுமம், குழும வளர்ச்சி, குழும அணுகுமுறை என்று குடும்பத்தையே பெருக்கிவிட்டார்கள். சொல் நல்ல சொல்தான். ஆனால் கிளஸ்டரை எந்த ஊரிலும் யாரும் விண்ணப்பம் போட்டு அமைத்ததில்லை. தவறு அங்கேதான் தொடங்குகிறது.

பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பழைய ஆங்கிலத்தில் இது திராட்சைக் குலை போன்றவற்றைக் குறித்த சொல். ஒரே தொழிலைச் செய்யும் பட்டறைகள் ஒரே ஊரில் நெருங்கிக் கிடப்பதால் கிடைக்கும் ஆதாயத்தை 1890இல் ஆங்கிலப் பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல் எழுதினார். அவர் கிளஸ்டர் என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளவில்லை. 1990இல் அமெரிக்கப் பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர்தான் அதைப் பொருளாதாரக் கலைச்சொல்லாக்கி உலகெங்கும் ஓடவிட்டார். ஒரு துறையில் ஒன்றையொன்று சார்ந்த நிறுவனங்கள், அவற்றுக்குச் சரக்கு தருவோர், வேலை செய்து கொடுப்போர், பயிற்சி நிலையங்கள் எல்லாம் ஒரு வட்டாரத்தில் செறிந்திருப்பதே அவர் சொன்ன கிளஸ்டர். இந்த வரையறையில் உறுப்பினர், தலைவர், பதிவு எண் எதுவும் கிடையாது.

சிவகாசியை எடுத்துக்கொள்ளுங்கள். 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். தீப்பெட்டிக்கு மேலே ஒட்ட லேபிள் வேண்டும். அதற்கு அச்சகம் வந்தது. வெடிமருந்து பழகிய ஊரில் பட்டாசு வளர்ந்தது. லேபிள் அச்சிட்ட இயந்திரம் காலண்டருக்கும் டைரிக்கும் நகர்ந்தது. இதற்கெல்லாம் யாரும் திட்ட அறிக்கை எழுதவில்லை. ஒரு தேவை இன்னொரு தொழிலை இழுத்துவந்தது.

திருப்பூரில் இந்தப் பிணைப்பு இன்னும் வெளிப்படை. நூல், நிட்டிங், பிளீச்சிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், தையல், காஜா பட்டன், பிரிண்டிங், செக்கிங், அயர்னிங், அட்டைப்பெட்டி என்று ஒரு பனியன் எத்தனையோ கைகள் மாறுகிறது. இவற்றில் பலவும் ஜாப் ஒர்க், அதாவது பிறர் சரக்கைக் கூலிக்கு வேலை செய்து கொடுப்பது. 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, சாயத்துக்குச் சம்பந்தமில்லாத தையல் கூடங்களும் துணியில்லாமல் தவித்தன. அந்தக் கூடங்களும் சாயப்பட்டறைகளும் எல்லாம் ஒரே சங்கத்தில் உறுப்பினர்கள் அல்ல. ஆனாலும் ஒரே கிளஸ்டர்.

இனி குழுமத்தின் தரப்பையும் நியாயமாகக் கேட்போம். குழுமுதல் என்றால் கூடுதல், திரளுதல். 'குழூஉ' இலக்கணத்திலேயே இருக்கிறது: பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பதும் யானைப்பாகர் ஆடையைக் காரை என்பதும் குழூஉக்குறி. ஒரு தொழிலார் தமக்குள் வைத்திருக்கும் பேச்சு அது. மார்ஷல் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். தொழில் இரகசியங்கள் அந்த ஊர்க் காற்றிலேயே இருக்கின்றன என்றார். ஆகவே வேரைப் பார்த்தால் குழுமத்தைக் குறைசொல்ல முடியாது. வழக்கைப் பார்த்தால்தான் சிக்கல். வேரை மட்டும் பார்த்துச் சொல் படைப்பவர்கள் அந்தச் சொல் இப்போது யார் வீட்டில் குடியிருக்கிறது என்று விசாரிப்பதே இல்லை.

குழுமம் ஏற்கெனவே இரண்டு வீட்டில் குடியிருக்கிறது. டாடா குழுமம் என்றால் ஒரே உடைமையின்கீழ் உள்ள நிறுவனங்கள். சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், உள்ளூர் திட்டக் குழுமம் என்றால் சட்டப்படி அமைந்த அதிகார அமைப்பு. இரண்டிலும் ஒரு தலைமை உண்டு, உள்ளே இருப்பவர் யார், வெளியே இருப்பவர் யார் என்ற கோடு உண்டு. கிளஸ்டருக்கு இரண்டுமே இல்லை. இந்த நெரிசலில், குழுமத்தின் கட்டடத்துக்குக் குழுமத்திடம் வரைபட அனுமதி வாங்கவேண்டும் என்று எழுதும் நிலை. முதல் குழுமம் எது, இரண்டாவது எது என்று படிப்பவர்தான் கண்டுபிடிக்கவேண்டும்.

இது வெறும் அழகுச் சண்டை என்று நினைப்பவர்கள் மத்திய அரசின் குறு, சிறு தொழில் கிளஸ்டர் திட்டத்தின் 2010ஆம் ஆண்டு நெறிமுறைகளைப் பார்க்கவேண்டும். அவை பின்னர் திருத்தப்பட்டன என்றாலும் வேறுபாடு அவற்றில் தெளிவாக இருந்தது. முதலில் நிலையறி ஆய்வு. அடுத்து பயிற்சி, கண்காட்சி, பிற ஊர்ப் பயணம் போன்றவை. பிறகு பொது வசதி மையம், அதாவது பலரும் பயன்படுத்தும் இயந்திரங்கள் கொண்ட கட்டடம். மையத்தை நடத்த, கிளஸ்டரில் உள்ள தொழில் அலகுகளில் குறைந்தது 20 சேர்ந்து தனி நிறுவனம் தொடங்கவேண்டியிருந்தது. எந்த ஓர் அலகும் 10 விழுக்காட்டுக்கு மேல் பங்கு வைத்திருக்கக் கூடாது என்றிருந்தது. மையத்தின் திறனில் 60 விழுக்காட்டையாவது அந்த நிறுவனத்தின் உறுப்பினர்களே பயன்படுத்த முடியும் என்று காட்டவேண்டியிருந்தது. கிளஸ்டரில் உள்ள மற்றவர்களும் மையத்தைப் பயன்படுத்தலாம் என்றிருந்தது. ஆக, கிளஸ்டர் வேறு, அதிலிருந்து சிலர் சேர்ந்து தொடங்கும் நிறுவனம் வேறு. இரண்டையும் குழுமம் என்று எழுதினால் 'குழுமத்தில் உள்ள குழும உறுப்பினர் அல்லாதோர்' என்ற விசித்திரப் பிராணி பிறக்கும்.

விளைவு களத்தில் தெரியும். 'குழுமத்தில் சேருங்கள்' என்றால் பட்டறைக்காரர் கேட்கும் முதல் கேள்வி 'பங்கு எவ்வளவு' என்பது. பணம் போடாதவர் தனக்கு அந்த மையத்தில் இடமில்லை என்று ஒதுங்குகிறார். ஆய்வுக்கு வருபவரும் உறுப்பினர் பட்டியலையே கிளஸ்டர் என்று எண்ணிவிட்டு, ஜாப் ஒர்க் செய்பவர், பழுது பார்ப்பவர், உதிரி விற்பவர் எல்லோரையும் விட்டுவிடுகிறார். அந்தக் கணக்கை நம்பி வாங்கும் இயந்திரத்துக்கு வேலை போதாது. மின்கட்டணம் கட்டவும் வரவு வராது. உறவுக்காரர்கள் பெயரில் 20 எண்ணிக்கையைக் காட்டி ஒரே வீட்டின் சொத்தாகிவிடும் மையங்களின் கதை தனி. அந்தப் பழியைச் சொல்லின்மேல் போட முடியாது என்றாலும், 'எங்கள் குழுமம்' என்று சொல்லிக்கொள்ள அந்தச் சொல் வசதியாகத்தான் இருக்கிறது.

வேறு சொற்களும் முயலப்பட்டன. கொத்து நேர்ப்பெயர்ப்பு. ஆனால் கொத்தில் எல்லாம் ஒரே காம்பில் தொங்கவேண்டும். தொழிலில் அந்தக் காம்பு இல்லை. ஈழத்து வாசகருக்கோ முதலில் கொத்துக் குண்டுதான் நினைவுக்கு வரும். தொகுப்பு என்றால் தொகுத்தவர் ஒருவர் வேண்டும். தொகுதி தேர்தலுக்குப் போய்விட்டது. தொழிற்பேட்டை என்று எழுதுவோரும் உண்டு. கிண்டி, அம்பத்தூர் போல அரசு மனை பிரித்துக் கொடுத்த இடமே பேட்டை. பேட்டைக்குள் கிளஸ்டர் வளரலாம், வளராமலும் போகலாம்.

என் தேர்வு திரள். வெண்ணெய் திரள்கிறது, மக்கள் திரள்கிறார்கள். தானாகக் கூடிச் செறிவதுதான் அதன் முதற்பொருள். திரளில் எவரையும் உறுப்பினராகச் சேர்க்க முடியாது. பின்னலாடைத் திரள், அச்சுத் தொழில் திரள், கயிற்றுத் திரள் என்று இடர்ப்பாடில்லாமல் ஒட்டும். விண்மீன் திரள் என்று வானியலில் கேலக்ஸிக்கு வழங்குகிறதே என்பார்கள். வழங்கட்டும், திருப்பூரை யாரும் ஆண்ட்ரோமெடாவோடு குழப்பிக்கொள்ளப் போவதில்லை. சந்தி பார்ப்பவர்கள் 'தொழிற்றிரள்' என்றே எழுதவேண்டும் என்று வருவார்கள். இலக்கணம் அவர்கள் பக்கம், படிப்பவர் அவர்கள் பக்கம் இல்லை. இடம் விட்டுத் தொழில் திரள் என்று எழுதுவதே நல்லது.

இந்தத் துறையின் மற்ற மொழிபெயர்ப்புகளைத் தொட்டால் தலைவலிதான். மையத்தை நடத்தும் அந்தத் தனி நிறுவனத்தை ஆங்கிலத்தில் ஸ்பெஷல் பர்ப்பஸ் வெஹிக்கிள் என்பார்கள். அதைச் சொல்லுக்குச் சொல் 'சிறப்பு நோக்க வாகனம்' என்று எழுதுகிறார்கள்; ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதியவேண்டுமா என்று கேட்கத் தோன்றுகிறது. பயிற்சியும் கண்காட்சியும் 'மென் தலையீடு', கட்டடமும் இயந்திரமும் 'கடினத் தலையீடு'. இரண்டாவது ஏதோ போலீஸ் நடவடிக்கை போல ஒலிக்கிறது. பயிற்சிப் பணிகள், கட்டுமானப் பணிகள் என்றால் என்ன குறைந்துவிடும்? நிலையறி ஆய்வை 'நோயறி ஆய்வு' என்பவர்களும் இருக்கிறார்கள். நன்றாக ஓடும் பட்டறைக்காரரிடம் போய் நோய் பார்க்க வந்திருக்கிறோம் என்றால் அவர் கணக்கேட்டைத் திறப்பாரா?

எல்லாவற்றையும் விட மோசம், கிளஸ்டர் டெவலப்மென்ட் ஏஜென்ட் என்பதற்கு எழுதும் 'குழும வளர்ச்சி முகவர்'. முகவர் என்றால் ஒருவர் சார்பில் நின்று கமிஷன் வாங்குபவர். காப்பீட்டு முகவர், பயண முகவர். இங்கே அவர் செய்யும் வேலையே வேறு. ஒருவரையொருவர் நம்பாத போட்டியாளர்களைப் பட்டறை பட்டறையாகப் போய்ப் பார்ப்பது, முதலில் மூலப்பொருளைச் சேர்ந்து வாங்குவது போன்ற சிறிய, உடனே பலன் தெரியும் வேலையைப் பிடிப்பது, வங்கியையும் சோதனைக் கூடத்தையும் அவர்களிடம் கொண்டுவருவது, பின் தான் இல்லாமலே நடக்கும்படி விலகுவது. எவர் சார்பிலும் நிற்காததால்தான் அந்த வேலை நடக்கிறது. ஒருங்கிணைப்பாளர் என்ற சொல் தேய்ந்ததுதான், ஆனாலும் பொய் சொல்லாது. திரள் ஒருங்கிணைப்பாளர் என்று எழுதலாம்.

திட்டத்தின் பெயரிலேயே குழுமம் இருந்தால் அந்தப் பெயரை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள். உள்ளே வரும் வாக்கியங்களில் ஊரின் தொழில் என்றால் திரள். 20 பேர் பதிந்த அமைப்பு என்றால் நிறுவனம் அல்லது சங்கம். அது நடத்தும் கட்டடம் என்றால் பொது வசதி மையம். பேச்சில் பட்டறைக்காரர் கிளஸ்டர் என்றே சொல்வார். அப்போதும் அவர் இந்த மூன்றில் எதைச் சொல்கிறார் என்று ஒருமுறை கேட்டுக்கொண்டு எழுதுங்கள். பெரும்பாலும் கட்டடத்தைத்தான் சொல்லியிருப்பார்.