மழை வெறித்த மறுநாளே நிழல்வலையைக் கழற்றாதீர்கள்

இந்த ஆடியில் கெட்டுப்போய் நான் பார்க்கும் மூன்றாவது தொட்டி இது. மார்த்தாண்டம் பக்கம் மொட்டைமாடியில் சுருள்பாசி (ஸ்பைருலினா) வளர்க்கும் ஓர் அக்கா விடிந்ததும் விடியாததுமாகக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், கரும்பச்சையாக இருக்க வேண்டிய தண்ணீர் மஞ்சள் பாரித்துக் கிடக்கிறது. மேலே பிசுபிசுவென்று நுரை. துணியில் ஒரு குவளை வடிகட்டினேன். கீழே இறங்கிய தண்ணீர் நீலமாக இருந்தது. செல் உடைந்து பைகோசயனின் என்ற நீல நிறமி கசிகிறது. இரண்டு வாரச் சாரல் ஓய்ந்து வெயில் அடித்ததும் நிழல்வலையைச் சுருட்டி வைத்துவிட்டாராம்.

"சாரே, வெயிலு பட்டாத்தானே சத்து ஏறும்? வீடியோவுல அப்படித்தானே சொன்னாவ?"

அந்த வீடியோக்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. வெயிலில் வாட்டினால் ஆன்டிஆக்ஸிடன்ட் கூடும் என்பது எல்லாப் பாசிக்கும் பொருந்தாது. உப்புநீரில் வாழும் டுனாலியெல்லா என்ற பாசி, கடும் வெயிலில் பீட்டா கரோட்டினைச் சேர்த்து ஆரஞ்சு நிறமாகும். ஹீமட்டோகாக்கஸ் என்ற இன்னொரு பாசி, அஸ்டாசாந்தின் என்ற சிவப்பு நிறமியைச் சேர்த்துச் சிவக்கும். அதுகூடச் சிவக்கும்போது பெருகுவதை நிறுத்திவிடும். அதனால்தான் முதலில் பச்சையாகப் பெருக்கி, அப்புறம் தனியாக வெயில் காட்டுகிறார்கள். சுருள்பாசியின் முக்கியமான ஆன்டிஆக்ஸிடன்ட்டே அந்த நீல நிறமிதான். வெளிச்சம் மிஞ்சினால் குறைவதும் அதுவே. பச்சையத்தோடு ஒப்பிட்டால் கரோட்டினாய்டு என்ற மஞ்சள், ஆரஞ்சு நிறமிகள் கூடித் தெரியும், உண்மை. தொட்டியே வெளுத்த பிறகு அதை வைத்து என்ன செய்வது?

ஓர் அளவுக்கு மேல் எவ்வளவு வெயில் அடித்தாலும் ஒளிச்சேர்க்கை ஏறாது. மிச்ச ஒளி செல்லுக்குள், ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய டி1 என்ற புரதத்தைச் சிதைக்கும். செல்லும் அதைப் பழுதுபார்த்துக்கொண்டே இருக்கும். சிதைவு முந்திவிட்டால் தொட்டி போச்சு. மழைநாளின் மங்கல் வெளிச்சத்துக்கு, ஒளியைப் பிடிக்கும் நிறமியைக் கூட்டி வைத்திருக்கும் பாசிக்கு, திடீர் வெயில் இன்னும் மோசம். சில்லென்ற காலைத் தண்ணீரில் பழுதுபார்ப்பும் மெதுவாகவே நடக்கும்.

வலையைத் திறப்பதானால் முதல் நாள் காலை ஒரு மணி நேரம் போதும். அப்புறம் நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டுங்கள். உச்சிவெயிலில் வலை கட்டாயம் இருக்க வேண்டும். வெயில் திரும்பும் வாரத்தில் பாசியை ஒட்ட வடிகட்டி எடுக்காதீர்கள். பாசி நீர்த்துப்போனால் அடிவரை வெயில் இறங்கும். கலக்கிவிடச் சோம்பல்படாதீர்கள், மேலே நிற்கும் பாசி கீழே போய் இளைப்பாறட்டும். வடிநீர் நீலமாக இருந்தால் அந்தப் பாசியைத் தயவுசெய்து காயவைத்து விற்காதீர்கள்.

அக்காவிடம் பெரிய தொட்டியைக் கொட்டிக் கழுவச் சொன்னேன். நல்லவேளை, படிக்கட்டு நிழலில் மறுபடி வளர்க்க எடுத்துவைத்த இரண்டு வாளி தாய்ப்பாசி பச்சை மாறாமல் இருந்தது.