ஒரு சுவரில் எத்தனை கன மீட்டர்?

கட்டடப் பொறியியல் படிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பிம் மாதிரியில் ஒரு பொத்தானை அழுத்தினால் கான்கிரீட், செங்கல், பூச்சு எல்லாவற்றின் அளவும் வந்து விழுகிறது. பிறகு குவாண்டிட்டி சர்வேயிங் என்ற பாடத்தை நான் ஏன் படிக்க வேண்டும்?" பிம் என்பது கட்டடத் தகவல் மாதிரி: கட்டடத்தின் ஒவ்வொரு பாகத்தையும் தனிப் பொருளாகக் கணினியில் பதிவு செய்யும் முறை. குவாண்டிட்டி சர்வேயிங் என்பது கட்டட வேலைக்கான அளவுகளை எடுத்துக் கணக்கிடும் துறை. கேள்வியில் கொஞ்சம் சோம்பல் தெரிகிறது, நிறைய நியாயமும் இருக்கிறது. பதில் சொல்ல எனக்கு ஒரே ஒரு சுவர் போதும். நீளம் 5 மீட்டர், உயரம் 3 மீட்டர், தடிமன் 0.2 மீட்டர். அதில் 1.5 மீட்டர் அகலமும் 1.2 மீட்டர் உயரமும் கொண்ட ஒரு ஜன்னல்.

பழைய முறையில் வரைபடத்தை மேசையில் விரித்து, ஒவ்வோர் அளவாகப் படித்துத் தாளில் எழுதிப் பெருக்குவார்கள். எடுத்து முடித்த சுவரின் மேல் வண்ணப் பென்சிலால் ஒரு கோடு. இல்லாவிட்டால் ஒரே சுவர் இரண்டு முறை கணக்கில் ஏறும், அல்லது ஏறாமலே போகும். வரைபடத்தில் உண்மையில் சுவர் என்று எதுவும் கிடையாது. இரண்டு இணைகோடுகள் இருக்கின்றன. அவற்றைச் சுவராகப் பார்ப்பது மனிதக் கண். கோடுகளுக்குப் பதிலாகப் பொருள்களையே கணினியில் வைத்தால் என்ன என்று கட்டட வடிவமைப்பில் கணினியை ஆராய்ந்த சக் ஈஸ்ட்மன் 1975இலேயே எழுதிவிட்டார். ஆனால் 'கட்டடத் தகவல் மாதிரி' என்ற சொற்றொடர் 1992இல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரைக்குப் பிறகுதான் மெல்லப் பரவியது. 2016 ஏப்ரலில் பிரிட்டன் அரசு, மத்திய அரசு நேரடியாகக் கட்டும் திட்டங்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. வரலாறு இவ்வளவு போதும்; சுவருக்கு வருவோம்.

பிம் மாதிரியில் சுவர் ஒரு பொருள். ஜன்னல் இன்னொரு பொருள். இரண்டுக்கும் இடையில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: வெற்றிடம். மென்பொருள்கள் தங்களுக்குள் மாதிரிகளைப் பரிமாறிக்கொள்ளும் ஐஎஃப்சி என்ற திறந்த வடிவத்தில் 'இந்த வெற்றிடம் இந்தச் சுவரைத் துளைக்கிறது' என்பது ஓர் உறவாகவும், 'இந்த ஜன்னல் அந்த வெற்றிடத்தை நிரப்புகிறது' என்பது இன்னோர் உறவாகவும் பதிவாகின்றன. ஜன்னலை எடுத்துவிட்டாலும் ஓட்டை தனக்கென ஓர் அடையாளத்தோடு அங்கேயே இருக்கும். இல்லாத ஒன்றுக்கும் பெயர் வைத்துப் பதிவு செய்யும் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும்.

சரி, கன அளவு எப்படி வருகிறது? நேரான சுவருக்கு நீளத்தையும் உயரத்தையும் தடிமனையும் பெருக்கினால் 3 கன மீட்டர். ஜன்னல் வெற்றிடம் 0.36 கழிந்தால் மீதி 2.64. இதற்குக் கணினியே வேண்டாம். ஆனால் சுவர் வளைந்திருந்தால்? சரிந்த கூரை அதன் தலையைச் சாய்வாக வெட்டியிருந்தால்? நினைத்த வடிவத்துக்கெல்லாம் தனித்தனிச் சூத்திரம் எழுதி வைக்க முடியாது. எல்லா வடிவத்துக்கும் பொருந்தும் ஒரு முறை உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையையே எழுதத் தொடங்கினேன்.

முதலில் தரையில் பார்ப்போம். கோணல்மாணலான ஒரு மனை. அதற்கு வெளியே எங்கேயோ ஒரு முளையை அடியுங்கள். மனையின் எல்லையில் இடஞ்சுழியாக நடந்து வாருங்கள். நீங்கள் கடக்கும் ஒவ்வொரு எல்லைக்கோடும் முளையோடு சேர்ந்து ஒரு முக்கோணத்தை உண்டாக்கும். முளையிலிருந்து பார்க்கிறவருக்கு நீங்கள் வலமிருந்து இடமாகப் போனால் அந்த முக்கோணத்தின் பரப்பைக் கூட்டுங்கள். இடமிருந்து வலமாக வந்தால் கழியுங்கள். தூரத்து எல்லைகள் மனையோடு முளைக்கும் மனைக்கும் இடையில் கிடக்கும் வெறும் நிலத்தையும் சேர்த்து அள்ளிவிடும். பக்கத்து எல்லைகள் அந்த வெறும் நிலத்தை அப்படியே கழித்துவிடும். சுற்றி முடித்துப் புறப்பட்ட இடத்துக்கு வந்ததும் கையில் மிஞ்சுவது மனையின் பரப்பு மட்டுமே. பள்ளியில் நாற்கரத்தின் பரப்பைக் காண ஆயத்தொலைகளை வரிசையாக எழுதிக் குறுக்கே பெருக்கிக் கழித்தோமே, அந்தச் சூத்திரம் இந்த நடையின் சுருக்கெழுத்துதான். யாக்கோப் அம்ஸ்லர் 1854இல் உருவாக்கிய பிளானிமீட்டரும் இதே இனம்: அதன் முனையை வரைபடத்தின் எல்லைமேல் ஒரு சுற்று ஓட்டினால் உள்பரப்பைச் சக்கரம் காட்டிவிடும். உள்ளே காலை வைக்கவே வேண்டாம்.

இப்போது தரையிலிருந்து எழுந்து முப்பரிமாண வெளிக்கு வாருங்கள். எல்லைக்கோட்டின் இடத்தில் சுவரின் தோல். தோல் முழுவதையும் முக்கோணங்களாக வெட்டிக்கொள்கிறோம். ஜன்னல் இல்லாத சுவருக்கு ஆறு முகங்கள், முகத்துக்கு இரண்டாகப் பன்னிரண்டு முக்கோணங்கள். ஜன்னலைத் திறந்ததும் ஓட்டையைச் சுற்றியுள்ள முன்முகத்துக்கு 8, பின்முகத்துக்கு 8, வெளி ஓரங்களுக்கு 8, ஓட்டையின் உட்பக்கங்களுக்கு 8 என்று மொத்தம் 32. ஒவ்வொரு முக்கோணத்தையும் ஆதிப்புள்ளியோடு இணைத்தால் ஒரு நான்முகி கிடைக்கிறது. அதன் கன அளவு, மூன்று முனைகளின் ஆயத்தொலைகளைக் கொண்டு எழுதும் அணிக்கோவையில் ஆறில் ஒரு பங்கு. முக்கோணத்தின் வெளிப்பக்கம் ஆதிப்புள்ளிக்கு முதுகு காட்டினால் விடை மிகை எண். முகம் காட்டினால் குறை எண். குறியை நாம் போட வேண்டியதில்லை, அணிக்கோவையே போட்டுக்கொள்ளும். 32 எண்களையும் கூட்டினால் 2.64. ஓட்டையைத் தனியாகக் கழிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஓட்டையின் உட்பக்கமும் சுவரின் தோல்தான்; அந்த முக்கோணங்களே கழித்துவிட்டன.

ஆதிப்புள்ளி எங்கே இருந்தாலும், பத்து கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும், கணக்கின்படி விடை மாறக் கூடாது. இதைத் திருப்பிப் போட்டால் ஒரு சோதனையே கிடைக்கிறது. தோலில் ஒரு முக்கோணம் காணாமல் போயிருக்கிறது அல்லது உள்வெளி மாறிக் கிடக்கிறது என்று வையுங்கள். ஆதிப்புள்ளியை நகர்த்தி மறுபடி கூட்டினால் விடையும் நகரும். அப்படி நகர்ந்தால் மாதிரியின் தோல் எங்கேயோ பழுதாகியிருக்கிறது என்று அர்த்தம். பழுதான மாதிரியும் சளைக்காமல் நான்கு தசம இடங்களுக்கு ஒரு விடையைக் கொடுத்துவிடும் என்பதுதான் பயமாக இருக்கிறது. தசமப் புள்ளிக்குப் பின்னால் இலக்கங்கள் கூடினால் உண்மையும் கூடும் என்று நம்புவது படித்தவர்களின் மூடநம்பிக்கை. பூனை குறுக்கே போனால் திரும்பிவிடுகிறவர் இழப்பது பத்து நிமிடத்தைத்தான். இவர்கள் ஒப்பந்தத்தையே இழக்கிறார்கள்.

வடிவக் கணக்கில் இயந்திரத்தை இனி நாம் முந்த முடியாது. ஆனால் அதே சுவரின் பூச்சு வேலைக்கு வாருங்கள். ஒரு முகம் 15 சதுர மீட்டர், ஜன்னல் 1.8. தோலை அப்படியே அளந்தால் இரண்டு முகங்களுக்கு 26.4, ஜன்னல் ஓட்டையின் நான்கு உட்பக்கங்களுக்கு 1.08; ஆக 27.48. இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 1200இன்படி அளந்தால் வேறு விடை வரும். 0.5 சதுர மீட்டருக்கு மேற்படாத திறப்பைக் கழிக்கவே கூடாது. அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை, இரு பக்கமும் ஒரே பூச்சு என்றால், ஒரு முகத்துக்கு மட்டும் கழிக்க வேண்டும்; உட்பக்கங்களைத் தனியாகச் சேர்க்கக் கூடாது. 3ஐத் தாண்டினால்தான் இரு முகத்திலும் கழித்து உட்பக்கங்களை அளந்து சேர்க்க வேண்டும். நம் ஜன்னல் நடு வகை. ஆகவே 15, அதோடு 13.2, மொத்தம் 28.2.

27.48 சரியா, 28.2 சரியா? ஒப்பந்தம் எந்த விதியைச் சொல்கிறதோ அதுதான் சரி. விதியை எழுதியவர்கள் கணக்குத் தெரியாதவர்கள் அல்லர். ஒவ்வொரு ஜன்னலிலும் நாடாவை வைத்து நான்கு உட்பக்கங்களை அளந்துகொண்டிருந்தால் வேலை நடக்காது. கழிக்காமல் விட்ட ஒரு முகம் அந்த உட்பக்கங்களின் வேலைக்கு ஈடு என்று ஒரு சமரசம் செய்தார்கள். கையால் அளந்த காலத்தின் சமரசம் அது. பிரிட்டனின் அளவீட்டு விதிநூல் இந்த வரம்புகளை வேறிடத்தில் வைக்கிறது. ஐஎஃப்சியில் மொத்தப் பரப்பு, நிகரப் பரப்பு என்று இரண்டு எண்களுக்கும் இடம் இருக்கிறது, 28.2 அந்த இரண்டிலும் இல்லை. விதி தெரிந்த ஒருவர் மொத்தத்திலிருந்து பாதியும் நிகரத்திலிருந்து பாதியும் எடுத்துச் சேர்த்தால்தான் அது வரும்.

தூணும் பீமும் சந்திக்கும் இடத்தில் இன்னொரு வம்பு. 0.3 மீட்டர் சதுரத் தூண் வழியாக 0.3 மீட்டர் அகலமும் 0.45 மீட்டர் ஆழமும் கொண்ட பீம் போகிறது. வரைந்தவர் இரண்டையும் முழுதாக வரைந்து ஒன்றன்மேல் ஒன்று படியவிட்டிருந்தால் 0.0405 கன மீட்டர் கான்கிரீட் இருமுறை எண்ணப்படும். அற்பம்தான். சந்திப்புகள் 400 இருந்தால் 16.2 கன மீட்டர்.

சென்ட்ரிங், அதாவது கான்கிரீட் இறுகும்வரை அதைத் தாங்கும் பலகை வேலை, இன்னும் சுவையானது. கட்டி முடித்த கட்டடத்தில் சென்ட்ரிங் பலகை இருக்காது, ஆகவே பெரும்பாலான மாதிரிகளிலும் இருக்காது. ஆனால் அதற்குப் பணம் கொடுத்தாக வேண்டும். கான்கிரீட்டின் தோலில் எந்தப் பகுதி வேறு கான்கிரீட்டைத் தொடவில்லையோ அங்கெல்லாம் பலகை என்று இயந்திரத்துக்குச் சொல்லிக் கொடுக்கலாம். உடனே அது பீமின் மேல்முகத்துக்கும் பலகை அடித்துவிடும். அந்தப் பக்கமாகத்தான் கான்கிரீட்டை ஊற்றுகிறோம் என்பது அதற்குத் தெரியாது. மேல் எது, கீழ் எது என்று தனியாகச் சொல்ல வேண்டும். சாரம், கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் மேற்பொருத்தம், சேதாரம், தோண்டிய மண் உப்பி இடம் அடைப்பது என்று இறுதி வடிவத்தில் தங்காத செலவுகள் எல்லாமே இப்படித்தான்.

இங்கே என் புலம்பல் ஒன்று. செயற்கை நுண்ணறிவு மதிப்பீடு செய்யப் போகிறது என்று அறிவிப்பவர்களுக்கு நிதி சுலபமாகக் கிடைத்துவிடுகிறது. அளவீட்டு விதிகளைக் கணினி படிக்கும் வடிவில் எழுதித் திறந்து வைக்கும் சலிப்பூட்டும் வேலைக்கு யாரும் கையை நீட்டுவதில்லை. ஐஎஃப்சி கோப்புகளைப் படிக்க ஐஎஃப்சிஓப்பன்ஷெல் போன்ற திறமூல நூலகங்கள் இருக்கின்றன. அவற்றின் மேல் அந்த விதிகளை ஏற்றி வைக்க ஒரு பல்கலைக்கழகத் துறையே போதும். பொதுப்பணத்தில் எழும் கட்டடங்களின் அளவைச் சரிபார்க்கும் கருவி பொதுவில் இருக்க வேண்டும் என்பது பேராசையா?

பிம் உண்மையிலேயே வேலையைத் தலைகீழாக்கிய இடம் வேறு. வடிவமைப்பு மாறிக்கொண்டே இருக்கும். முன்பெல்லாம் புதிய வரைபடம் வந்தால் எது மாறியது என்று தேடுவதற்கே நாள்கள் போகும். ஐஎஃப்சியில் ஒவ்வொரு பொருளுக்கும் 128 பிட் அடையாள எண் ஒன்று உண்டு. அதை 22 எழுத்துகளில் சுருக்கி எழுதுகிறார்கள். பழைய கோப்பையும் புதிய கோப்பையும் பக்கத்தில் வைத்து அடையாளங்களை ஒப்பிட்டால் வந்தது, போனது, பருத்தது, இளைத்தது எல்லாம் சில நொடிகளில் தெரிந்துவிடும். செலவு எங்கே ஏறியது என்று அன்றைக்கே சொல்லலாம்.

ஒரே ஒரு சிக்கல். சுவரைப் பத்து சென்டிமீட்டர் நகர்த்தினால் அடையாளம் அப்படியே இருக்கும். அழித்துவிட்டு அதே இடத்தில் மறுபடி வரைந்தால் புதிய அடையாளம் பிறக்கும். ஒரு செங்கல்கூட மாறாமலே 40 சுவர்கள் நீக்கப்பட்டன, 40 சுவர்கள் சேர்க்கப்பட்டன என்று பட்டியல் வரும். அந்தப் பட்டியலை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வடிவமைப்பாளரைத் தொலைபேசியில் அழைத்து, "சுவரை நகர்த்தினீர்களா, அழித்து வரைந்தீர்களா?" என்று கேட்பவரின் பெயர் இன்றைக்கும் குவாண்டிட்டி சர்வேயர்தான்.