லிமிடெட் குவான்டிட்டி: "குறைந்த அளவு" இல்ல, "வரம்பளவு"

போன வாரம் மறுபடியும் ஒரு பேக்கிங் பயிற்சித் தாள் சரிபார்க்க வந்துச்சு. முதல் பக்கத்துலயே கொட்டை எழுத்துல "குறைந்த அளவு அபாயகரமான பொருட்கள்"னு போட்டிருந்தாங்க. எத்தனையாவது தடவைன்னு எண்ணுறதயே விட்டுட்டேன். நெயில் பாலிஷ், பெர்ஃப்யூம், டியோடரண்ட் ஸ்ப்ரே, பெயின்ட், பசை, ப்ளீச்சுன்னு கடையில சாதாரணமா விக்கிற, ஆனா தீப்பிடிக்கக்கூடிய இல்ல அரிக்கக்கூடிய பொருட்கள பார்சல்ல அனுப்பும்போது வர்ற "லிமிடெட் குவான்டிட்டி"ங்கற சொல்லுக்குத்தான் இந்தத் தமிழ். அந்த வரிய ஒரு தடவ வாய்விட்டு படிச்சுப் பாருங்க. குறைஞ்சது எது, பொருளா, அபாயமா? ரெண்டு விதமாவும் படிக்கலாம், ரெண்டுமே தப்பு.

முதல்ல சொல்லோட அர்த்தம். ஆபத்தான சரக்குகள் எப்படி போகணும்னு ஐ.நா. ஒரு மாதிரி விதித் தொகுப்பு வச்சிருக்கு, அட்டை நிறத்த வச்சு ஆரஞ்சு புத்தகம்னு சொல்லுவாங்க, 1956ல தொடங்கி திருத்தித் திருத்தி வருது. கப்பல், விமானம், லாரி எல்லாத்தோட விதியும் இதத்தான் அடிப்படையா எடுத்துக்குது. அதுல 3.4ஆம் அத்தியாயம் முழுக்க லிமிடெட் குவான்டிட்டி பத்தி. ஒவ்வொரு பொருளுக்கும் பட்டியல்ல 7ஏன்னு ஒரு கட்டம் இருக்கு, ஒரு பாட்டில் இல்ல ஒரு டப்பா, அதாவது ஒரு உள்கலத்துல அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம்னு அங்க போட்டிருக்கும். அந்த அளவுக்குள்ள இருக்கற பாட்டில்கள ஒரு வெளிப்பெட்டிக்குள்ள வச்சு, பெட்டியோட மொத்த எடை 30 கிலோவத் தாண்டாம (அட்டைத் தட்டுல வச்சு பிளாஸ்டிக் சுத்துனதுன்னா 20 கிலோ) பாத்துக்கிட்டா, சோதிச்சு முத்திரை போட்ட ஸ்பெஷல் பெட்டி தேவையில்ல. சதுரத்த முனையில நிறுத்தின மாதிரி, மேலயும் கீழயும் கருப்பு, நடுவுல வெள்ளைன்னு ஒரு குறிய ஒட்டணும். பக்கம் 100 மி.மீ. இருக்கணும், பெட்டி சின்னதா இருந்தா 50 வரைக்கும் குறைக்கலாம். விமானத்துல போனா அதே குறியோட நடுவுல ஒய் எழுத்து வரும், வரம்பு பல பொருளுக்கு இன்னும் கீழ இறங்கும், அபாய வகையக் காட்டுற கிளாஸ் லேபிளும் வேணும், சரக்கு விவரப் பேப்பரும் வேணும்.

சொல் எங்கேர்ந்து வந்துச்சுன்னா, லிமிட் லத்தீன் லீமெஸ்லேர்ந்து, வயலுக்கும் வயலுக்கும் நடுவுல இருக்கற எல்லைப் பாதை. குவான்டிட்டி "எவ்வளவு"ங்கற கேள்விச் சொல்லுலேர்ந்து. அவ்வளவுதான். ஆனா அந்த வயல் எல்லைய மனசுல வச்சுக்குங்க, பின்னாடி வரேன்.

இப்ப "குறைந்த அளவு" ஏன் ஆகாது? ஏன்னா இது குறைவு நிறைவு பத்தின சொல்லே இல்ல. பெயின்ட்டுக்கு ஐ.நா. எண் (ஆபத்தான பொருளுக்கு அந்த ஆரஞ்சு புத்தகம் தர்ற அடையாள எண்) 1263, நடுத்தர அபாயம் உள்ள பெயின்ட்டுக்கு உள்கல வரம்பு 5 லிட்டர். பெயின்ட் லிட்டருக்கு ஒன்னேகால் கிலோன்னு வச்சா 5 லிட்டர் டின்னு ஆறேகால் கிலோ, நாலு டின்னு 25 கிலோ, அட்டைப்பெட்டியும் சேர்த்து 30க்குள்ள நிக்கும். ஆக 20 லிட்டர் தீப்பிடிக்கிற திரவம் ஒரே பெட்டியில, அது லிமிடெட் குவான்டிட்டி. அப்படிப்பட்ட பெட்டி எத்தனை வேணா ஏத்தலாம், எண்ணிக்கைக்கு வரம்பு கிடையாது. ஐரோப்பிய சாலை விதியான ஏடிஆர்ல ஒரு ஷரத்து இருக்கு: 12 டன்னுக்கு மேற்பட்ட வண்டியில இந்த மாதிரி பெட்டிங்க மொத்தம் 8 டன்னத் தாண்டுனா வண்டிக்கு முன்னாடியும் பின்னாடியும் பெரிய குறி மாட்டணும்னு. எட்டு டன்னுக்கு மேல போற சரக்க "குறைந்த அளவு"ன்னு எந்த வாயால சொல்றது?

திருப்பிப் போட்டும் பாக்கலாம். சிகரெட் லைட்டர எடுத்துக்குங்க, உள்ள இருக்கற கேஸ் சில கிராம்தான். ஆனா லைட்டருக்கு (எண் 1057) அந்தக் கட்டத்துல போட்டிருக்கறது பூஜ்யம். லித்தியம் பேட்டரிக்கும் பூஜ்யம். அதுங்களுக்கு வேற தனி விதி இருக்கு, ஆனா லிமிடெட் குவான்டிட்டின்னு அனுப்ப முடியாது, எவ்வளவு பொடிசா இருந்தாலும். "குறைந்த அளவு"ன்னு படிச்சவன் என்ன நினைப்பான்? ஒத்த லைட்டர் தானே, ஒத்த பவர் பேங்க் தானே, குறைந்த அளவுக்குள்ள அடங்கிரும்னு நினைப்பான். நினைக்கிறதென்ன, நடந்தே இருக்கு. பேக் பண்ற பையன் ஒருத்தன் என்கிட்ட கேட்டான், "அண்ணே, நாலு பாட்டில் நெயில் பாலிஷ் ரிமூவர் தானே, குறைந்த அளவுன்னு தாள்ல போட்டிருக்கே, பெட்டி எதுக்கு, கவர்லயே போட்டு ஒட்டிரட்டுமா"ன்னு. அவன் மேல ஒரு தப்பும் இல்ல. தாள்ல இருந்த தமிழ அவன் சரியாத்தான் படிச்சான்.

தூய தமிழ்ல போடுறேன்னு சிலர் "சிற்றளவு"ன்னு எழுதுறாங்க. கேக்க அழகா இருக்கு, ஆனா அதே தப்புதான். சொல் தமிழா இருந்தா மட்டும் போதாது, சேதி போய்ச் சேரணும். எனக்கு தூய்மை பிடிக்கும், ஆனா தூய்மைக்காக ஒருத்தர் கை வெந்து போறது பிடிக்காது.

அடுத்தது "வரையறுக்கப்பட்ட அளவு". இதுக்கு ஆதரவு ஜாஸ்தி, படிச்சவங்க எழுதுறது, அதனால இத கொஞ்சம் நின்னு பாக்கணும். இது கம்பெனி பேர்லேர்ந்து வந்த பழக்கம்னு நினைக்கிறேன். கம்பெனி பேருக்குப் பின்னாடி வர்ற லிமிடெட்ட "வரையறுக்கப்பட்டது"ன்னு எழுதுறவங்க இருக்காங்க, அங்க அது பங்குதாரரோட பொறுப்புக்கு எல்லை இருக்குன்னு சொல்ற சொல். அத அப்படியே தூக்கிட்டு வந்து பார்சல் மேல ஒட்டிட்டாங்க. வரையறுங்கறது பழைய நல்ல சொல், எல்லை கட்டுறதுன்னு அர்த்தம் அதுக்கு உண்டு, நான் மறுக்கல. ஆனா இன்னிக்கு யார கேட்டாலும் வரையறைன்னா பாடப்புத்தகத்துல "வரையறு: விசை"ன்னு வருமே, அதுதான் ஞாபகத்துக்கு வரும். அப்ப "வரையறுக்கப்பட்ட அளவு"ன்னா இவ்வளவுன்னு குறிச்சு வச்ச அளவு. 500 மி.லி.ன்னா சரியா 500 மி.லி. இருக்கணும் போலன்னு தோணும், 499 இருந்தா ஆகுமான்னு சந்தேகம் வரும். இது மேல போகக்கூடாதுங்கற தடை, இவ்வளவு இருக்கணும்ங்கற நிர்ணயம் இல்ல. அந்த வித்தியாசம்தான் விதியோட உயிரே.

அது மட்டுமில்ல, இந்த விதிப் புத்தகத்துல வரையறுக்கப்படாத அளவுன்னு ஒன்னு எங்க இருக்கு? பெட்டி எடை வரையறுத்திருக்கு, குறியோட நீளம் வரையறுத்திருக்கு, கோடு எத்தனை மி.மீ. தடிமன்னு கூட வரையறுத்திருக்கு. எல்லாத்துக்கும் பொருந்துற ஒரு சொல்ல எடுத்து ஒன்னுக்கு மட்டும் பேரா வச்சா அது பேராவே நிக்காது. போதாக்குறைக்கு அந்த "-ப்பட்ட". எதையும் "பட்ட" போட்டு எழுதுனாத்தான் சட்டத் தமிழ்னு ஒரு நினைப்பு நம்ம மொழிபெயர்ப்பாளர்கள்கிட்ட ஊறிக் கிடக்கு. "மட்டுப்படுத்தப்பட்ட அளவு"ன்னு எழுதுறவங்களும் உண்டு, அதுல ரெண்டு "ப்ப". தரையில உக்காந்து டேப் ஒட்டுறவங்க வாயில இது எப்பவாவது வருமா? அவங்க லிமிடெட் குவான்டிட்டிய சுருக்கி எல்.க்யூ.ன்னு சொல்லிட்டு போயிருவாங்க. அது எனக்கு சம்மதம்தான், தப்பான தமிழுக்கு அது எவ்வளவோ மேல்.

என் சொல் வரம்பளவு. வரம்புன்னா வயல் வரப்பு. லத்தீன்காரனும் வயல் எல்லையத்தான் சொல்லாக்குனான், நம்மாளும் அதையேதான் செஞ்சான், ரெண்டு சொல்லுக்கும் உறவுன்னு நான் சொல்ல வரல, ரெண்டு பேரும் உழுதவங்க, அவ்வளவுதான். வரம்புங்கறது எல்லார் வாயிலயும் இருக்கு: வரம்பு மீறாத, வருமான வரம்பு, வயது வரம்பு. இதுல வயது வரம்பத்தான் நான் பயிற்சியில சொல்லுவேன். வேலைக்கு வயது வரம்பு 30ன்னா விண்ணப்பிக்கிற ஒவ்வொருத்தரும் 30க்குள்ள இருக்கணும், எத்தனை பேர் விண்ணப்பிக்கலாம்ங்கறதுக்கு அதுல தடை இல்ல, எல்லார் வயசையும் கூட்டிப் பாக்கறதும் இல்ல. லிமிடெட் குவான்டிட்டி அச்சு அசல் இதேதான்: ஒவ்வொரு பாட்டிலும் வரம்புக்குள்ள, பாட்டில் எண்ணிக்கைய பெட்டியோட 30 கிலோ பாத்துக்கும். இத சொன்ன உடனே புரியாதவங்கள நான் இன்னும் பாக்கல.

ஒரு எதிர்ப்பு வரும், நியாயமானதுதான். வரம்பளவுன்னா வரம்பாக இருக்கற அளவு, அதாவது அந்த 5 லிட்டர்ங்கற எண்ணுன்னு ஆகாதா, வரம்புக்கு உட்பட்ட சரக்குன்னு எப்படி ஆகும்னு. ரெண்டும் ஆகும். ஆங்கிலத்துலயே அந்த 7ஏ கட்டத்துல இருக்கற எண்ணையும் லிமிடெட் குவான்டிட்டின்னுதான் சொல்றாங்க, அதுக்குள்ள அடங்கி போற சரக்கையும் அப்படியேதான் சொல்றாங்க. பிரிச்சுக் காட்டணும்னா வரம்பளவு, வரம்பளவுச் சரக்குன்னு எழுதிட்டா முடிஞ்சது.

இந்த சொல்லுக்கு இன்னொரு வசதியும் இருக்கு. பக்கத்து அத்தியாயம் 3.5ல "எக்ஸெப்டட் குவான்டிட்டி"ன்னு ஒன்னு வருது, இதவிட ரொம்ப சின்ன அளவு, ஈ1லேர்ந்து ஈ5 வரைக்கும் குறியீடு, உள்கலத்துக்கு 30 மி.லி. இல்லன்னா வெறும் 1 மி.லி., வாசனை எண்ணெய் சாம்பிள், ஆய்வகக் குப்பி மாதிரி. ஈ0ன்னா அனுமதியே இல்ல. உண்மையிலேயே "சிற்றளவு"ன்னு யாராவது சொல்ல ஆசைப்பட்டா இதத்தான் சொல்லணும். இத "எதிர்பார்க்கப்பட்ட அளவு"ன்னு ஒரு தாள்ல பாத்தேன், எக்ஸ்பெக்டட்னு படிச்சிருக்காங்க. இன்னொன்னுல "ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு", அது அக்ஸெப்டட். விதியிலேர்ந்து விலக்கு கிடைக்கிற அளவு, அதனால விலக்களவு. வரம்பளவு, விலக்களவு, ரெண்டும் ஜோடியா நிக்குது, காதுல விழுந்தா குழப்பமும் வராது.

இதே தாள்கள்ல "பேக்கிங் குழு 2"ன்னும் வருது. குழுன்னா ஆளுங்க கூட்டம். பேக் பண்றதுல ரெண்டாவது டீம் போலன்னு ஒரு பொண்ணு ஷிஃப்ட் அட்டவணையில தேடிப் பாத்துச்சு. அது பொருளோட அபாயம் எவ்வளவு கடுமைன்னு சொல்ற எண்ணு, 1ன்னா கடுமை, 2 நடுத்தரம், 3 லேசு. அபாயப் படின்னு எழுதிட்டு போகலாமே. மூலத்துல இருக்கற சொல்ல அகராதியில தேடி முதல் அர்த்தத்த எடுத்து ஒட்டுறதுக்கு முன்னாடி, அந்த எண்ணு என்ன வேலை செய்யுதுன்னு ஒருத்தர கேட்டா என்ன? சரக்குக்கூடத்துல நிக்கிறவங்க அஞ்சு நிமிஷத்துல சொல்லிருவாங்க.

பழைய தாள்கள்ல ஓ.ஆர்.எம்.-டின்னு பாத்தீங்கன்னா அதுக்கு தமிழே தேட வேணாம். அது அமெரிக்காவுக்குள்ள மட்டும் செல்லுபடியான பழைய வகை, வீட்டுக்கும் உடம்புக்கும் பயன்படுத்தற சில்லறைப் பொருட்களுக்கானது. விமானத்துல 2012 கடைசியோட முடிஞ்சது, மத்த வழியில 2020 டிசம்பர் 31ஓட. இப்ப அந்த இடத்துல இருக்கறதும் அதே கருப்பு வெள்ளைக் குறிதான். இன்னமும் அத புதுத் தாள்ல நகலெடுத்து ஒட்டுறாங்க.

அந்தத் தாளோட முதல் வரிய அடிச்சுட்டு நான் எழுதி அனுப்புனது இது: "வரம்பளவு அபாயச் சரக்கு: ஒவ்வொரு பாட்டிலும் பட்டியலில் உள்ள வரம்புக்குள் இருக்க வேண்டும். பெட்டியின் மொத்த எடை 30 கிலோவைத் தாண்டக் கூடாது. வெளியே கருப்பு வெள்ளைக் குறி ஒட்ட வேண்டும். வரம்பு 0 என்றால் இந்த முறையில் அனுப்பக் கூடாது." கடைசி வரிய எடுத்துரலாமா, நீளமா இருக்குன்னு கேட்டாங்க. எடுக்காதீங்கன்னு சொல்லிட்டேன்.