துருவுக்கு எஞ்சின் நம்பர் தெரியாது

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "2014இல் சியாட்டில் ஏலத்தில் 1971ஆம் வருட பிளிமத் ஹெமி குடா கார் ஒன்று 35 லட்சம் டாலருக்குப் போனதாகப் படித்தேன். மிச்சிகனில் இருக்கும் என் மைத்துனர் அதே காலத்து ஃபோர்டு மஸ்டாங் கார் ஒன்றைப் புதுப்பித்துவிட்டு, போட்ட காசில் பாதிக்குக்கூட யாரும் கேட்கவில்லை என்று புலம்புகிறார். இரண்டும் பழைய இரும்புதானே?"

இரும்புதான். சிக்கலும் அங்கேதான் இருக்கிறது.

முதலில் விலையை முடித்துவிடுவோம். நடுத்தர அளவுக் காரில் மிகப் பெரிய வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சினைத் திணித்து, இளைஞர்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் விற்பது என்ற யோசனைக்கு 1964இல் வந்த போன்டியாக் ஜிடிஓ வழிகாட்டியது. காப்பீட்டுக் கட்டணம், புகைக் கட்டுப்பாடு, 1973இன் எண்ணெய் நெருக்கடி எல்லாம் சேர்ந்து பத்தே வருடத்தில் அந்த ஆட்டத்தை முடித்துவைத்தன. ஏலத்தில் போன குடாவில் இருப்பது 7 லிட்டர், 425 குதிரைத்திறன் 'ஹெமி' (அரைக்கோள வடிவ எரியறை கொண்ட) எஞ்சின். அந்த எஞ்சினோடு 1971இல் வந்த திறந்த கூரைக் குடாக்கள் மொத்தமே 11. வண்டி எண்ணின் ஐந்தாவது எழுத்து 'ஆர்' என்றிருந்தால் தொழிற்சாலையிலேயே ஹெமி பொருத்திய வண்டி என்று பொருள். ஷெவர்லே கார்களில் 1972க்கு முன் வண்டி எண்ணை வைத்து எந்த வி8 எஞ்சின் என்று சொல்ல முடியாது. அதனால்தான் அங்கே போலிகள் அதிகம், பழைய ரசீதுக்கும் மரியாதை அதிகம். ஆக, விலையைத் தீர்மானிப்பது எண்ணிக்கையும் ஆவணமும்.

செலவைத் தீர்மானிப்பது துரு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், எனக்குப் பிடித்த இடம் இது.

இரும்பு, தண்ணீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு என்று பள்ளியில் படித்திருப்போம். அப்படியானால் காற்று நன்றாகப் படும் இடத்தில்தான் இரும்பு அதிகம் அரிக்கப்பட வேண்டும், இல்லையா? நடப்பது நேர் எதிர். 1920களில் கேம்பிரிட்ஜில் யூலிக் எவன்ஸ் என்ற வேதியியலாளர் இதை ஒரே ஒரு சொட்டில் காட்டினார். துடைத்துச் சுத்தம் செய்த எஃகுத் தகட்டின் மேல் ஒரு சொட்டு உப்புநீர். அதில் இரண்டு நிறங்காட்டிகள்: காரம் உருவானால் இளஞ்சிவப்பாக மாறும் ஃபினால்ஃப்தலீன், கரைந்த இரும்பைக் கண்டால் நீலமாகும் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு. கொஞ்ச நேரம் காத்திருந்தால் சொட்டின் ஓரம் முழுக்க இளஞ்சிவப்பு வளையம், நடுவில் நீலம்.

சொட்டின் விளிம்பு மெல்லியது, காற்றிலிருந்து ஆக்சிஜன் எளிதாக உள்ளே வரும். நடுப்பகுதி தடிப்பானது, அங்கே இருந்த ஆக்சிஜன் தீர்ந்ததும் புதிதாக வந்து சேரத் தாமதமாகும். விளிம்பிலுள்ள ஆக்சிஜனுக்கு எலக்ட்ரான் வேண்டும். அதை எங்கே போய் வாங்குவது? தகடே மின்கம்பியாகிவிடுகிறது. நடுவில் இருக்கும் இரும்பு அணுக்கள் எலக்ட்ரானைத் தகட்டின் வழியே விளிம்புக்கு அனுப்பிவிட்டுத் தாம் தண்ணீரில் கரைகின்றன. உப்பு, தண்ணீருக்குள் மின்சுற்றைப் பூர்த்தி செய்கிறது. கரைந்த இரும்பும் விளிம்பிலிருந்து வரும் காரமும் சந்திக்கும் இடத்தில் பழுப்புத் துரு படிகிறது. ஒரு சொட்டுக்குள் ஒரு முழு பேட்டரி! காற்றுப் படும் இடம் தப்பிக்கிறது, காற்றுப் படாத இடம் பள்ளமாகிறது.

இப்போது அந்த மஸ்டாங்குக்கு வருவோம். அதன் உடல், ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தகடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் புள்ளிப் புள்ளியாக வெல்டிங் செய்தது. இரண்டு தகடுகளுக்கு நடுவில் மயிரிழை இடைவெளி. தண்ணீர் அதற்குள் தானாக ஏறும், எளிதில் காயாது, ஆக்சிஜனும் போகாது. சொட்டின் நடுப்பகுதி எப்படியோ அப்படி. மிச்சிகனில் பனிக்காலத்தில் சாலையில் கொட்டுகிற உப்பும் சேர்ந்துகொள்ளும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அது தகடுகளைப் பிளந்து தள்ள, இன்னும் தண்ணீர் உள்ளே போகும். 60களின் மஸ்டாங்கில் முன்கண்ணாடிக்குக் கீழே காற்றுக்காக ஒரு பெட்டி உண்டு. சருகு விழுந்து, ஈரம் தங்கி, அது உள்ளுக்குள்ளேயே இற்றுப்போகும். மழை பெய்தால் ஓட்டுபவரின் காலில் சொட்டும்.

வெளியே பெயிண்டில் பட்டாணி அளவு கொப்புளம். சுரண்டிப் பார்த்தால் உள்ளங்கை அளவு ஓட்டை. அதனால்தான் பெயிண்டை முழுக்க உரிக்கும்வரை எந்தப் பட்டறைக்காரராலும் செலவை உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. உரித்தபின், கோழியைக் கம்பியில் குத்திச் சுழற்றுவதுபோல் காரின் உடலைச் சட்டத்தில் மாட்டிச் சுழற்றி, வெல்டிங் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் துளையிட்டு எடுத்து, புதுத் தகடு வைத்து, கதவு இடைவெளி சரியாக வருகிறதா என்று பார்த்து... முழுப் புதுப்பிப்புக்கு 1,000 மணி நேரம் ஆவது சாதாரணம். மணிக்கு 100 டாலர் என்று வைத்தாலே கூலி மட்டும் ஒரு லட்சம் டாலர். எஞ்சின், குரோம், சீட் எல்லாம் தனி. ஹெமி குடாவுக்கும் கூலிக்கணக்கு இப்படித்தான், ஆறு சிலிண்டர் மஸ்டாங்குக்கும் இப்படித்தான். மைத்துனர் மாட்டிக்கொண்டது இங்கேதான்.

காரில் மாட்டினால் துருவே பிடிக்காது என்று மின்கருவிகள் விற்கிறார்கள். வெளியிலிருந்து எலக்ட்ரான் கொடுத்து இரும்பைக் கரையவிடாமல் தடுப்பது அதன் தத்துவம். கடலில் நிற்கும் கப்பலுக்கு அது வேலை செய்யும், சுற்றிலும் தண்ணீர் இருப்பதால். சாலையில் ஓடும் காரைச் சுற்றி அப்படித் தொடர்ச்சியான தண்ணீர் ஏது? புது வண்டியின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பதைவிட இது பெரிய மூடநம்பிக்கை என்பேன். எலுமிச்சையின் சிட்ரிக் அமிலமாவது துருவைக் கொஞ்சம் கரைக்கும். அரிமானத்தால் அமெரிக்காவுக்கு வருடத்துக்கு 27,600 கோடி டாலர் நேரடிச் செலவு என்று 2002இல் வந்த அரசு ஆய்வு கணக்கிட்டது. இவ்வளவு பணத்தைத் தின்னும் விஷயத்தில் ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டால் யாருக்கும் சுவாரசியம் வருவதில்லை, ராக்கெட் என்றால்தான் வருகிறது.

இன்னொரு மஸ்டாங் கதையும் உண்டு. ஹாலிவுட் நடிகர் ஸ்டீவ் மக்வீன் 'புல்லிட்' படத்தில் ஓட்டிய 1968ஆம் வருட மஸ்டாங் 2020 ஜனவரியில் ஃபுளோரிடாவில் ஏலக்கட்டணத்தோடு 37.4 லட்சம் டாலருக்குப் போனது. மங்கிய பெயிண்டு, அங்கங்கே துரு, எதையும் புதுப்பிக்கவில்லை. புதுப்பித்திருந்தால் விலை குறைந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

மைத்துனரிடம் சொல்லுங்கள்: அடுத்த வண்டி பார்க்கப் போகும்போது ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போகட்டும். பின்சக்கரத்துக்கு மேலே, கதவுக்குக் கீழே மெதுவாக நகர்த்தட்டும். ஒட்டாமல் நழுவும் இடத்தில் தகடு இல்லை, ஓட்டையை அடைத்துப் பூசிய பட்டிதான் இருக்கிறது.